அம்மா கடலுக்குப் போன கதை

நம் மலரின் ஆசிரியர் குழுவினர் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் ரயில்வே அனுபவக் கட்டுரைதான் கேட்பார்கள். நானும் தண்டவாளம், ஸ்லீப்பர், மழை வெள்ளத்தில் அரித்துப்போன கரை என்று எதையாவது எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன். இந்த முறை ஒரு கார்ட்டூன் படத்தைப் பற்றி எழுதுகிறேன். அறுபத்தாறு வயதில் இவருக்கு என்ன வந்தது என்று அன்பர்கள் நினைக்கக்கூடும். பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சென்ற டிசம்பரில் புனேயில் இருக்கும் என் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு வயதுப் பேத்தி டி.வி.யில் ஒரு படத்தைப் போட்டு, "தாத்தா, தூங்கக் கூடாது. பக்கத்துல உக்காந்து முழுசாப் பாக்கணும்" என்று உத்தரவு போட்டாள். படத்தின் பெயர் 'சாங் ஆஃப் தி சீ'. கடலின் பாட்டு என்று சொல்லலாம். அயர்லாந்து நாட்டில் கில்கென்னி என்ற ஊரில் உள்ள கார்ட்டூன் சலூன் என்னும் நிறுவனம் எடுத்து 2014-இல் வெளிவந்தது. இயக்கியவர் டாம் மூர். இப்போது வரும் கம்ப்யூட்டர் பொம்மைப் படங்களைப் போல் இல்லாமல், கையால் வரைந்து வண்ணம் தீட்டிய படம். மறு ஆண்டு ஆஸ்கார் பரிசுக்கான போட்டிப் பட்டியலிலும் இருந்தது. சிறு பிள்ளைகள் சமாசாரம் என்று சாய்வு நாற்காலியில் கண்ணை மூடப் போனவன், கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். படம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது என் மகன் எழுந்து பால்கனிக்குப் போனான். படம் முடியும்வரை அவன் உள்ளே வரவில்லை.

கதையைச் சொல்லிவிடுகிறேன். கடலுக்குள் தனியாக நிற்கும் ஒரு கலங்கரை விளக்கம். அதைப் பார்த்துக்கொள்ளும் கானர் என்பவரும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் அங்கே வசிக்கிறார்கள். மூத்தவன் பென். இளையவள் சீர்ஷா, ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. சீர்ஷா பிறந்த இரவில் அம்மா காணாமல் போய்விட்டாள். எங்கே போனாள், ஏன் போனாள் என்று அப்பா வாயைத் திறப்பதில்லை. துக்கத்தில் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். பையனுக்குக் கடல் என்றால் பயம். அம்மா கடைசியாகக் கொடுத்த ஒரு சங்கை வைத்திருக்கிறான். அம்மா சொன்ன கடல் கதைகளையும் படங்களையும் ஒரு நோட்டில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான். தங்கையை மட்டும் அவனுக்குப் பிடிப்பதில்லை. அவள் அந்தச் சங்கைத் தொட்டால் சீறி விழுவான். இவள் வந்தாள், அம்மா போய்விட்டாள் என்பது அவன் கணக்கு.

அம்மா ஒரு செல்கீ என்பது பின்னால் தெரிகிறது. இந்தச் செல்கீ என்ற சொல்லை நம்மவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து என்று தீவுக்கூட்டங்கள் உண்டு. அந்த மக்களின் பேச்சில் செல்கீ என்றால் சீல் என்ற கடல் விலங்கு, அவ்வளவுதான். தமிழில் கடல்நாய் என்கிறோம். நம் கடல்களில் அது கிடையாது. அந்தத் தீவுகளிலும், ஹெப்ரிடிஸ் தீவுகளிலும், அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் மக்கள் சொல்லிவந்த கதை இது. சில கடல்நாய்கள் கரைக்கு வந்து தோலைக் கழற்றி வைத்தால் மனிதராகிவிடும். தோலை மாட்டிக்கொண்டால் மறுபடி கடலுக்குப் போய்விடும். ஒரு மீனவனோ விவசாயியோ அப்படிக் கழற்றி வைத்த தோலைத் திருடி ஒளித்துவிடுகிறான். தோல் இல்லாமல் அவளால் போக முடியாது. அவனுக்கு மனைவியாகிப் பிள்ளைகள் பெறுகிறாள். பல வருஷம் கழித்துத் தோல் கையில் கிடைக்கிறது. அன்றே கடலுக்குப் போய்விடுகிறாள்.

இப்படி ஒரு நம்பிக்கை ஏன் பிறந்தது என்று யோசித்தால், அந்த விலங்கைப் பார்த்தவர்களுக்கு வியப்பாக இராது. சீலின் கண் பெரியது, ஈரமானது. மனிதர்களைக் கண்டால் தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கி உற்றுப் பார்க்கும். குட்டியின் அழுகை கைக்குழந்தை அழுவதுபோல் இருக்கும். அந்தப் பக்கத்துச் சாம்பல் நிறச் சீல் இலையுதிர் காலத்தில் கரையேறிக் குட்டி போடுகிறது. ஏறக்குறைய 18 நாள் பால் கொடுக்கிறது. பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. குட்டி நாளொன்றுக்கு 2 கிலோ வரை எடை கூடும். அந்த நாட்களில் தாய் இரை தேடிப் போவதில்லை. தன் உடம்பைக் கரைத்துத்தான் ஊட்டுகிறது. பிறகு ஒரு நாள் குட்டியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலில் இறங்கிவிடும். திரும்பி வருவதில்லை. குட்டி சில வாரம் அங்கேயே பட்டினி கிடந்து, பசி பொறுக்காமல் தானாகத் தண்ணீரில் இறங்கும். இதை ஆண்டுதோறும் கண்ணெதிரே பார்த்த ஜனங்கள் தாயைப் பற்றிய கதையை இந்த விலங்கின்மேல் ஏற்றிச் சொன்னதில் என்ன ஆச்சரியம்?

அந்தத் தீவுகளில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் இல்லாமல்தான் இருந்தார்கள். மீன் பிடிக்கப் போனவர்கள், திமிங்கில வேட்டைக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. கனடாவில் தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் கப்பல்கள் 18-ஆம் நூற்றாண்டில் ஆர்க்னியின் ஸ்ட்ராம்னஸ் துறைமுகத்தில் நின்று குடிதண்ணீரும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு போகும். அந்த நூற்றாண்டின் முடிவில் கம்பெனி ஆட்களில் நாலில் மூன்று பங்கு ஆர்க்னிக்காரர்களே. போனால் ஆண்டுக்கணக்கில் வரமாட்டார்கள். அப்பா கடலுக்கு அப்பால். அம்மா பிரசவத்தில் போனாலும் போய்விடுவாள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு இந்தத் தீவுக்காரர்கள் ரொம்ப அந்நியமானவர்கள் அல்லர்.

செல்கீ கதைகளிலேயே என்னை உலுக்கியது ஆர்க்னியின் சாண்டே தீவு விவசாயி வால்டர் டிரெயில் டெனிசன் 19-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த கதை. வாஸ்ட்னஸ் என்ற இடத்துக்காரன் ஒருவன் தோலைத் திருடி அவளை மணக்கிறான். ஏழு பிள்ளைகள் பிறக்கின்றன. ஒரு நாள் அவனும் பிள்ளைகள் சிலரும் படகில் போயிருக்கிறார்கள். மற்றவர்களும் வெளியே போய்விட்டார்கள். காலில் புண் வந்த சின்னப் பெண் மட்டும் வீட்டில் இருக்கிறாள். அம்மா வீடு முழுக்க எதையோ தேடுகிறாள். என்ன தேடுகிறாய் என்று பெண் கேட்கிறாள். உன் கால் புண் ஆறுவதற்கு ஒரு செருப்பு தைக்கத் தோல் தேடுகிறேன் என்கிறாள் தாய். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே, அப்பா கூரைச் சரிவுக்குள் இருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே வைத்தாரே என்று குழந்தை சொல்லிவிடுகிறாள். தாய் தோலை எடுத்துக்கொண்டு பெண்ணிடம் விடைபெற்றுக் கடற்கரைக்கு ஓடிவிடுகிறாள்.

தோலை எடுத்துக் கொடுப்பது குழந்தை என்பதைக் கவனியுங்கள். இன்னும் பல ஊர்க் கதைகளிலும் அப்படித்தான். வைக்கோல் போருக்குள்ளிருந்தோ பெட்டிக்குள்ளிருந்தோ பிள்ளைதான் கண்டுபிடிக்கும். நான் டிப்ளமா படித்தவன், இலக்கிய விமர்சனம் எனக்குத் தெரியாது. ஆனாலும் முப்பத்தெட்டு வருஷம் ரயில்பாதையில் வேலை பார்த்தவனுக்கு ஒன்று தெரியும். ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அதன் சுமை எந்த இடத்தில் இறங்குகிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம். இந்தக் கதையின் சுமை, வீட்டில் விட்டுப்போன பிள்ளையின் தலையில் இறங்குகிறது. தாய் போனதற்குத் தானே காரணம் என்று மனசுக்குள் நினைக்கும் பிள்ளைக்கு, ஆமாம், உன் கையால்தான் நடந்தது, ஆனால் உன்மேல் குற்றமில்லை, அவள் கடலைச் சேர்ந்தவள் என்று இந்தக் கதை சொல்கிறது. சில வடிவங்களில் அவள் கரையோரம் வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவாள், மீனைக் கரையில் போட்டுவிட்டுப் போவாள். வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. அந்த விஷயத்தில் கதை பொய் சொல்வதே கிடையாது.

இதே வகையில் இன்னொரு படமும் உண்டு. 'தி சீக்ரெட் ஆஃப் ரோன் இனிஷ்', 1994-இல் ஜான் சேல்ஸ் எடுத்தது. ரோசலி ஃபிரை 1957-இல் எழுதிய சிறுவர் நாவலை ஒட்டியது. தாயை இழந்த பத்து வயதுப் பெண் ஒருத்தி தாத்தா பாட்டியிடம் வருகிறாள். தொட்டிலோடு கடலில் போய்விட்ட தம்பியைக் கடல்நாய்கள் வளர்க்கின்றன என்று நம்பி, கைவிட்டுப்போன தீவில் இடிந்து கிடக்கும் வீடுகளைச் சுத்தம் செய்து கூரை வேய்கிறாள். அழுதுகொண்டு உட்காராமல் குழந்தைகளைக் கூரை வேயவைத்த கதை என்பதால் என்னைப் போன்ற ஆசாமிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் என்னை உட்காரவிடாமல் செய்தது முதலில் சொன்ன படம்தான்.

அதில் மாக்கா என்று ஓர் ஆந்தைக் கிழவி வருகிறாள். அவளுடைய மகன் பெரிய ராட்சதன். அவனுக்கு ஏற்பட்ட துக்கத்தில் அவன் அழுத கண்ணீரே ஒரு கடலாகிவிட்டது. மகன் படும் வேதனையைத் தாங்காத தாய் அவனுடைய உணர்ச்சிகளை எடுத்துவிட, அவன் கல்லாகிவிடுகிறான். அதிலிருந்து யார் துக்கப்பட்டாலும் துக்கத்தை உறிஞ்சிக் கண்ணாடி ஜாடியில் அடைத்து மூடுவதே அவள் வேலை. அவர்கள் எல்லாம் கல்லாகிறார்கள். அவளும் பாதி கல்லாகிவிட்டாள். கெட்டவள் என்றே சொல்ல முடியாது, பாசத்தில் செய்கிறாள். இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், பிள்ளைகளைக் கடலை விட்டு நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் கண்டிப்பான பாட்டிக்கும் இந்தக் கிழவிக்கும் ஒரே நடிகைதான் குரல் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கும் அந்தக் கல் ராட்சதனுக்கும் ஒரே நடிகர் குரல். வீட்டில் இருப்பவர்கள்தான் கதையிலும் இருக்கிறார்கள்.

ஜாடிகள் வரிசையாக அடுக்கியிருந்ததைப் பார்த்தபோதுதான் பால்கனிப் பக்கம் திரும்பினேன். அங்கே மகனின் முதுகு தெரிந்தது.

நம் சங்கத்தில் என்னைப் பழகியவர்களுக்கு நான் மனைவியை இழந்தவன் என்பது தெரியும். எப்படி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. 1992-இல் நான் கரக்பூரில் பர்மனென்ட் வே இன்ஸ்பெக்டர். மகனுக்கு ஆறு வயது. இரண்டாவது பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்ப முடியவில்லை. மாமனார் படுத்த படுக்கையாக இருந்ததால் மாமியார் அவரைப் பார்ப்பாரா, மகளைப் பார்ப்பாரா? பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பதினோராம் நாள் பிரசவ ஜன்னி கண்டு என் மனைவி போய்விட்டாள். மகனைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு தெலுங்குக் குடும்பத்தாரிடம் விட்டிருந்தேன். அவன் எதையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொண்டுபோய்க் காரியத்தை முடித்துவிட்டோம்.

சாம்பலை அவள் பிறந்த ஊர்க் கடலில் கரைக்க வேண்டும் என்று மாமியார் தந்தி அடித்திருந்தார். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் அது. நான் கோரமண்டல் பிடிக்கக் கிளம்பும்போது மகன், "எங்கப்பா போறீங்க? அம்மா எங்கே?" என்றான். "அம்மாவை ஊர்ல விட்டுட்டு வரேன்" என்றேன். என் கைப்பையில் துணி சுற்றிய பித்தளைச் செம்பு இருந்தது.

அன்று வாயில் வந்த வார்த்தை அது. திரும்பி வந்த பிறகும் அதையே சொன்னேன். என் தாயார் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவர், அவரும் அதையே சொன்னார். அக்கம்பக்கத்தாரையும் அப்படியே சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். பிள்ளை மனசு நோகக் கூடாது என்ற எண்ணம்தான். நான் பெரும்பாலும் லைனில் இருப்பேன். காலையில் டிராலியில் ஏறினால் இரவுதான் வீடு. அவன் மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, காலனியின் வேலி ஓரம் நின்று மெட்ராஸ் பக்கமிருந்து வரும் வண்டிகளைப் பார்ப்பான் என்று என் தாயார் சொல்வார். ரயில்வே வீட்டுப் பிள்ளை, ரயில் பார்க்கிறான் என்று விட்டுவிட்டேன். "இன்னிக்கு வண்டி லேட்டாப்பா?" என்று சில நாள் கேட்பான். நானும் கன்ட்ரோலில் கேட்டது ஞாபகம் இருந்தால் எத்தனை நிமிஷம் லேட் என்று சொல்லுவேன். அவன் எதைக் கேட்டான், நான் எதைச் சொன்னேன்!

தங்கையை அவன் தொடமாட்டான். தொட்டில் இருந்த அறைக்குள் போகமாட்டான். "அது அழுவுது" என்பானே தவிரப் பெயர் சொல்லமாட்டான். அம்மா போனதற்கு இவள்தான் காரணம் என்று வெறுக்கிறான் என நினைத்து இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன்.

முதல் கோடையில் ஊருக்குப் போக முடியவில்லை. 1993 மே மாதம் லீவு கிடைத்தது. மெட்ராஸில் வண்டி மாறித் திருநெல்வேலி போய், அங்கிருந்து பஸ். வழியெல்லாம் பையன் அப்படி ஒரு உற்சாகம். ஆச்சி வீட்டுத் திண்ணையில் தன் பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். முன் அறை, இரண்டாம் கட்டு, அடுக்களை, புழக்கடை என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தான். நெல் குதிர் இருந்த இருட்டறைக்குள் போய்க் குதிருக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தான். ஓடிப்பிடித்து விளையாடுகிறான் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். திரும்பி வந்து ஆச்சியின் முன்னால் நின்று, "அம்மா எங்கே ஆச்சி?" என்றான்.

மாமியார் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, பிள்ளைகிட்ட என்னத்தைச் சொல்லி வச்சிருக்கீங்க?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'சாமிகிட்ட போயிட்டாங்க', 'நட்சத்திரமாயிட்டாங்க' என்று எல்லாரும் எதையாவது சொல்லித்தான் குழந்தைகளைச் சமாளிக்கிறோம். நம்மைப் போல் வெளியூரில் பிழைப்பவர்கள் 'ஊருக்குப் போயிருக்கிறாள்' என்று சொல்வது அவற்றைவிட மோசம். நட்சத்திரத்துக்கு யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போக முடியாது. ஊருக்கு மே மாதம் நாமே அழைத்துக்கொண்டு போகிறோம்.

1948-இல் மரியா நாகி என்ற அம்மையார் ஹங்கேரியின் புடாபெஸ்டில் 300-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசியும், எழுதவைத்தும், வரையவைத்தும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சாவு என்பது ஒரு பயணம் மாதிரி. போனவர் வேறு எங்கோ இருக்கிறார். ஐந்திலிருந்து ஒன்பது வரை சாவை ஓர் ஆளாக நினைக்கும்; வந்து பிடித்துக்கொண்டு போகும், சாமர்த்தியம் இருந்தால் தப்பிக்கலாம். ஒன்பதுக்கு மேல்தான் அது எல்லாருக்கும் வரும் முடிவு என்று புரியத் தொடங்கும். இதை நான் வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். ஏற்கெனவே எங்கோ போயிருக்கிறாள் என்று நினைக்கக்கூடிய வயதுப் பிள்ளைக்கு, போன ஊரின் பெயரையும் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

என் மாமியார் எந்த ஆராய்ச்சியும் படிக்கவில்லை. நாலாம் வகுப்புத்தான். அன்று சாயங்காலம் பேரனைக் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அலைக்குப் பக்கத்தில் அவனை உட்காரவைத்துச் சொன்னார்: "உங்கம்மா செத்துப் போயிட்டா ராசா. இனிமே வரமாட்டா. அவ சாம்பலை இந்தக் கடல்லதான் உங்கப்பா கரைச்சாரு. அவ இங்கதான் போயிருக்கா."

அவன் ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு நீந்தத் தெரியுமா ஆச்சி?" என்று கேட்டான்.

"தெரியாம? சின்னதுல இந்தக் கடல்லதானே கெடப்பா."

அப்போதுதான் அவன் அழுதான். பதினான்கு மாதத்தில் அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் மாமியார் பெட்டியிலிருந்து ஒரு சங்கை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கரையில் மூழ்கி எடுப்பவர்களிடம் அவருடைய தகப்பனார் வாங்கியதாம். "இதைக் காதுல வச்சா கடல் கேக்கும். உனக்கு எப்பத் தோணுதோ அப்பக் கேளு" என்றார். அம்மா பேசுவாள் என்று சொல்லவில்லை. கடல் கேட்கும் என்றுதான் சொன்னார். சங்குக்குள் கேட்பது கடலும் இல்லை, நம் ரத்த ஓட்டமும் இல்லை. சுற்றிலும் உள்ள மெல்லிய இரைச்சல் அந்த வளைந்த குழிக்குள் புகுந்து சில சுருதிகள் மட்டும் பெருத்துக் கேட்பது அது. முழு நிசப்தமான அறையில் வைத்தால் ஒன்றும் கேட்காது. இதை அவனுக்குப் பன்னிரண்டு வயதில் விளக்கினேன். "தெரியும்ப்பா, புஸ்தகத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சங்கைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தான்.

கரக்பூர் திரும்பிய பிறகு வேலி ஓரம் நிற்பது நின்றுவிட்டது. படுக்கும்போது கொஞ்ச நேரம் சங்கைக் காதில் வைத்துக்கொள்வான். அந்த வருஷ மழைக்காலத்தில் ஒரு நாள், லைன் பிளாக் முடித்து நள்ளிரவில் நனைந்து வீட்டுக்கு வந்தேன். குழந்தைக்கு ஜுரம். என் தாயார் அசந்து தூங்கிவிட்டிருந்தார். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, அவன் அந்தச் சங்கைத் தங்கையின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அழுகையை நிறுத்திவிட்டு விழித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஈரத் துணியோடு வராந்தாவிலேயே நின்றேன்.

படத்துக்கு வருகிறேன். டாம் மூர் தம் மகனோடு அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு விடுமுறைக்குப் போனபோது, சீல்கள் கொல்லப்பட்டுக் கரையில் கிடப்பதைப் பார்த்தாராம். மீன் குறைந்துபோனதற்கு அவற்றின்மேல் பழி. முன்பெல்லாம் இப்படிச் செய்யமாட்டார்கள், கடலில் இறந்தவர்களின் ஆவி என்று அவற்றை விட்டுவிடுவார்கள் என்று அந்த ஊர் அம்மாள் ஒருவர் சொன்னதிலிருந்து இந்தக் கதை பிறந்ததாம். படத்தின் முடிவில், தங்கைமேல் குற்றமில்லை என்பதைப் பென் தெரிந்துகொள்கிறான். பயந்து ஒதுங்கிய கடலில் தங்கைக்காகக் குதிக்கிறான். அம்மா ஒரு முறை வருகிறாள். விடைபெற்றுக்கொண்டு போகிறாள். சொல்லிக்கொண்டு போகிறாள் என்பதுதான் வித்தியாசம். பிறகு அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் அதே கலங்கரை விளக்கத்தில் இருக்கிறார்கள்.

பேத்தி, "தாத்தா, நம்ம கடல்ல செல்கீ உண்டா?" என்று கேட்டாள். சீல் இல்லை, கடல் பசு உண்டு, அதுவும் குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனேன்.

முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, கண்ணைத் துடைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றான். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "அந்தப் பையன் மாதிரிதான் நீயும் தங்கச்சிமேல கோவமா இருந்தே" என்றேன். சமாதானமாகச் சொல்வதாக நினைப்பு.

"அவமேல கோவம் இல்லப்பா" என்றான். "எனக்குத் தங்கச்சிப் பாப்பா வேணும், பாப்பா வேணும்னு அம்மாகிட்ட நான்தான் தினம் கேப்பேன். அம்மா சரி, வாங்கித் தரேன்னு சொல்லும். பாப்பா வந்துது. அம்மா வரல. நான் கேக்காம இருந்திருந்தா அம்மா இருந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அவளைப் பாத்தா அதான் ஞாபகம் வரும். நீங்க ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னதால யார்கிட்டயும் கேக்க முடியல."

முப்பத்திரண்டு வருஷமாக நான் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக அடித்தும் இருக்கிறேன். கால் புண்ணுக்குச் செருப்பு கிடைக்கும் என்று கூரையைக் காட்டிய ஆர்க்னிப் பெண்ணின் கதையை நான் தேடிப் படித்தது அந்த இரவுக்குப் பிறகுதான்.

"மன்னிச்சுக்கோடா" என்றேன். அவன் என் தோளில் கை வைத்து, "உள்ளே வாங்கப்பா, பனி விழுது" என்றான்.

சங்கு இப்போது ஹைதராபாதில் என் மகளிடம் இருக்கிறது. கல்யாணமாகிப் போகும்போது அண்ணனே அவள் பெட்டியில் வைத்து அனுப்பினான். அன்று இரவு சாப்பிட்ட பிறகு அவன் அவளுக்குப் போன் போட்டான். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தது என் காதில் விழுந்தது. நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். விளக்கை அணைத்து வெகு நேரம் ஆன பிறகும் கூடத்தில் அவன் பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.